நீலமணியும் பிளாஸ்டிக்கும்

கடினமான பொருள் எதுவோ அதுவே உறுதியான பொருள் என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். கீறினால் கீறல் விழாத நீலமணி எங்கே, நகத்தால் கீறினாலே தடம் படியும் பிளாஸ்டிக் எங்கே என்று கேட்கத் தோன்றும். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைத் திருவனந்தபுரத்தில் செயற்கை இருதய வால்வு உருவான வரலாறு நமக்குக் காட்டுகிறது.

இருதய வால்வு ஒருவழிக் கதவு போன்றது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை, ஆண்டொன்றுக்கு மூன்றரைக் கோடிக்கும் அதிகமான தடவை அது திறந்து மூடுகிறது. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இக்கதவுகளைச் சிதைத்துவிடும். நம் நாட்டில் இந்நோய்க்கு ஆளானவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் வால்வின் விலையோ அவர்களுக்கு எட்டாதது.

செயற்கை வால்வின் கதை 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்குகிறது. சார்லஸ் ஹஃப்னாகல் என்ற அறுவை மருத்துவர், உள்ளே பந்து அடங்கிய அக்ரிலிக் குழாய் ஒன்றை நோயாளியின் பெருந்தமனியில் பொருத்தினார். 1960-இல் ஸ்டார், எட்வர்ட்ஸ் ஆகிய இருவரும் சிலிக்கோன் ரப்பர் பந்து கொண்ட வால்வை இருதயத்திற்குள்ளேயே வைத்தனர். ஆனால் சில பந்துகள் இரத்தத்திலுள்ள கொழுப்பை உறிஞ்சி உருமாறின, வெடிப்பும் கண்டன.

அக்ரிலிக்கின் இயல்பைச் சற்று விளக்கவேண்டும். பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். அக்ரிலிக், பாலிஸ்டைரீன் முதலியவற்றில் இச்சங்கிலிகள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடந்து, அந்நிலையிலேயே கண்ணாடிபோல் உறைந்துவிடுகின்றன. அவற்றை இழுத்தால் சங்கிலிகள் எளிதில் நழுவி இடங்கொடுப்பதில்லை. முதலில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றுகின்றன. அவற்றின் குறுக்கே மெல்லிய நார்கள் பாலம்போல் நின்று பளுவைத் தாங்குகின்றன. பாலிஸ்டைரீன் அளவுகோலை வளைக்கும்போது தோன்றும் வெண்மை இதுவே. நார்கள் அறுந்தால் வெண்மை விரிசலாகிறது; விரிசல் ஓடினால் பொருள் முறிகிறது. பாலிகார்பனேட் போன்றவை முறிவதற்கு முன் நெகிழ்ந்து நீண்டு கொடுக்கும். எனினும் சிறு பளுவே கோடிக்கணக்கான தடவை விழுமானால், உறுதியாகத் தோன்றும் பொருளும் களைத்து முறியக்கூடும்.

திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் 1976-இல் செயற்படத் தொடங்கியது. 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. பூஜப்புரையிலுள்ள சாட்டல்மண்ட் அரண்மனை அதன் மருத்துவப் பொறியியல் ஆய்வுக்கூடமாயிற்று. அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானும், பொறியியலாளர் ஜி. எஸ். புவனேஷ்வரும் அவர்தம் குழுவினரும், வட்டத் தகடு சாய்ந்து திறக்கும் வால்வு ஒன்றை அமைக்க முற்பட்டனர்.

முதல் மாதிரியில் பற்றவைத்த இடம் நொறுங்குந்தன்மை அடைந்து தாங்குகம்பி முறிந்தது. இரண்டாவதில் கடினமான நீலமணித் தகடு, தன்னைச் சுமந்த டைட்டானியச் சட்டத்தையே தேய்த்தது. மூன்றாவதில் நீலமணித் தகடே உடைந்தது. நீலமணி கடினமானதுதான், ஆயினும் அது வளைந்து கொடுப்பதில்லை. ஆகவே அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை போதும், அடியின் வலிவெல்லாம் அங்கே குவிந்து விரிசல் ஓடிவிடும்.

நான்காவது மாதிரியில் கோபால்ட் கலப்புலோகச் சட்டத்தினுள் மிகுந்த மூலக்கூற்று எடையுள்ள பாலிதீன் தகடு இடம்பெற்றது. இவ்வகைப் பாலிதீனை இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்பவர் 1962 முதலே செயற்கை இடுப்பு மூட்டில் பயன்படுத்திவந்தார். இது அக்ரிலிக் போல் உறைந்த கண்ணாடி நிலையில் இருப்பதில்லை. இதில் ஒழுங்காக அடுக்கிய படிகப் பகுதிகளும் அவற்றிடையே நெகிழ்வான பகுதிகளும் உண்டு. மிக நீண்ட சங்கிலிகள் ஒரு படிகத்தினின்று மற்றொன்றுக்குச் சென்று அவற்றைப் பிணைக்கின்றன. ஆதலால் அடி விழுந்தால் தகடு சற்றே இடங்கொடுத்து அதன் வேகத்தை ஏற்றுக்கொள்கிறது. விரிசல் எளிதில் ஓடுவதில்லை. சட்டத்தையும் அது அரிப்பதில்லை.

ஆய்வுக்கூடச் சோதனைகளையும் ஆடுகளில் நடத்திய சோதனைகளையும் கடந்து, 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் இவ்வால்வு முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவ நிலையங்களில் 306 நோயாளிகளிடம் முறையாக ஆராயப்பட்டது. டி.டி.கே. நிறுவனத்தார் அதை உற்பத்தி செய்து வழங்க, இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பயன்பட்டுள்ளன.

மூன்று மாதிரிகள் தோற்றபோது அம்முயற்சியைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர்களோ ஒவ்வொரு முறிவும் எங்கே, எதனால் நேர்ந்தது என்று ஆராய்ந்தார்கள். மணியால் ஆகாததைப் பிளாஸ்டிக் செய்துகாட்டியது அந்த ஆராய்ச்சியின் பயனேயாகும்.