ஆங்கில நாட்டுப்புறப் பெருமனைகளும் அவற்றைக் காண வந்தோரும்

ஒரு நாட்டு மக்கள் தம் ஓய்வுநாளை எங்ஙனம் கழிக்கின்றனர் என்பது வரலாற்றாசிரியர் பொருட்படுத்தத்தக்க செய்தியன்று எனக் கருதுவாரும் உளர். போரும் முடிசூட்டும் சட்டமும் இடம்பெறும் ஏட்டில், கட்டுச்சோறும் குழந்தைகளுமாய்ப் பழைய மாளிகை ஒன்றைக் காணச் சென்றோர்க்கு என்ன வேலை என அவர்கள் வினவக்கூடும். இங்கிலாந்தைப் பொறுத்தவரை இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. நிலம் யாருடையது, அதனுள் யார் கால்வைக்கலாம், எவ்வுரிமையால் வைக்கலாம் என்னும் வழக்கு அந்நாட்டில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக நிகழ்ந்து வருகிறது. அவ்வழக்கிற்குரிய சான்றுகளுள் ஒன்றாகவே ஒருநாட் சிற்றுலாவை இக்கட்டுரை நோக்குகிறது.

முதற்கண் ஒரு சொல் பற்றிய விளக்கம் வேண்டும். இம்மாளிகைகளைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் ‘நாட்டுப்புற வீடு’ என்றாகும். கூரை வேய்ந்த சிற்றில் ஒன்றே நம் மனக்கண்முன் நிற்கும். உண்மையில் அவை சிற்றரசரின் அரண்மனை போல்வன. சுற்றிலும் உள்ள ஊர்களின் குத்தகைப் பணம் அவற்றின் விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்தது. ஆதலின் ‘பெருமனை’ என்னும் சொல்லை ஈண்டு ஆள்கின்றேன்.

பெருமனைகளைக் காணச் செல்லும் வழக்கம் புகைவண்டிக்கு மிக முற்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீலியா ஃபைன்ஸ் என்னும் அம்மையார் குதிரைமீதேறி இங்கிலாந்து முழுவதும் சுற்றி, தாம் கண்ட மனைகளையும் தோட்டங்களையும் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் 1888இல்தான் நூலாயின. 1744இல் பெண்டன் சீலி என்பார் ஸ்டோ என்னும் இடத்துத் தோட்டத்திற்கு வழிகாட்டி நூல் ஒன்றை அச்சிட்டு விற்றார். வழிகாட்டி நூல் விற்பனையாகும் அளவிற்குக் காண வருவோர் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் அக்காலத்தில் வந்தோர் யாவர்? வண்டியும் நல்லுடையும் உடையோரே. ஹொரேஸ் வால்போல் தேம்ஸ் ஆற்றங்கரையில் எழுப்பிய ஸ்ட்ராபெரி ஹில் மனைக்கு அவர் வகுத்த விதிகள் இதற்கு நல்ல சான்று. முன்னரே எழுதிச் சீட்டுப் பெற்றவர்க்கே அனுமதி. ஒரு நாளைக்கு ஒரு குழுவே, அதிலும் நால்வர்க்கு மேற்படலாகாது. மே முதல் அக்டோபர் தொடக்கம் வரையே காட்டப்பெறும். குழந்தைகளை அழைத்து வரலாகாது. இத்துணை விதிகளுக்குப் பின்னும் அவர்க்கு அமைதியில்லை. சீட்டு எழுதுவதும், வந்தவர் கண்ணிற் படாமல் ஒளிந்துகொள்வதுமாகவே பொழுது கழிகிறதென 1763இல் நண்பர்க்கு எழுதிய மடலில் அவர் குறைபட்டுக்கொள்கிறார். இன்று குழந்தைகளுக்கெனவே ஊஞ்சலும் சறுக்குமரமும் நிறுவும் மனைகளைக் கண்டிருப்பின் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

மனையைச் சுற்றிக் காட்டும் பணி பெரும்பாலும் இல்லக் கண்காணிப்பாளரான மூத்த பணிப்பெண்ணுடையது. விருந்தினர் விடைபெறுங்கால் அவர் கையில் காசு வைத்தல் வழக்கம். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) புதினத்தைக் கற்றோர் இதனை நன்கறிவர். கதைத்தலைவி பெம்பர்லி மனையைச் சுற்றிப் பார்ப்பதும், அங்குள்ள பணிப்பெண் தம் தலைவனின் இயல்பை எடுத்துரைப்பதும் கதையின் போக்கையே மாற்றும் இடம். இஃது ஆசிரியர் புனைந்த வாய்ப்பு எனச் சில மாணவர் எழுதுகின்றனர். அறிமுகமில்லாதோர் பெருமனையுள் நுழைதல் அக்காலத்து ஆங்கில வாசகர்க்கு அன்றாட நிகழ்ச்சி என்பதை உணர்ந்து படித்தலே முறை.

19ஆம் நூற்றாண்டில் வாயிலுக்கு வந்த கூட்டம் வேறு. 1838இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையைக் கட்டணமின்றித் திறந்துவிட்டார். 1841 ஜூலை 5ஆம் நாள் தாமஸ் குக் என்பார், மதுவிலக்குக் கூட்டமொன்றிற்காக லெஸ்டரிலிருந்து லஃபரோவிற்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் தொழிலாளர் பலரைப் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். குடியை ஒழிக்கப் புறப்பட்ட வண்டி உலாத் தொழிலைத் தோற்றுவித்தது. டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மனைக்கு அண்மையில் 1849இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. அவ்வாண்டுக் கோடையில் அங்குச் சென்றோர் 80,000 பேர் என்பர். அதன் தலைவரான ஆறாம் டெவன்ஷயர்க் கோமகன், நீரூற்றுகளை எளியவர் வரினும் இயக்கிக் காட்டவேண்டுமெனப் பணித்திருந்தார். அவர்தம் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் என்பதும், 1851ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்குப் பளிங்கு மாளிகை சமைத்தவர் அவரே என்பதும் நினைவுகூரத்தக்கன. 1871ஆம் ஆண்டுச் சட்டம் வங்கி விடுமுறை நாட்களை வகுத்தபின் இக்கூட்டம் மேலும் பெருகிற்று.

இதனைக் கொண்டு, ஆங்கிலப் பிரபுக்கள் தம் வாயிலை மக்களுக்கு மனமுவந்து திறந்தனர் என முடிவு கட்டுவது ஒரு சாரார் வழக்கு. அம்முடிவு பாதி உண்மையே. திறந்தது தோட்டம்; மலை திறக்கவில்லை. சாட்ஸ்வொர்த்திலிருந்து ஏறத்தாழப் பதினைந்து மைல் தொலைவில் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம் உளது. அதுவும் பெரும்பகுதி அக்குடியினர்க்கே உரியதாயிருந்தது. வேட்டைப் பறவைகளுக்காக அங்குக் காவலர் நிறுத்தப்பெற்றனர். மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகளில் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் நடந்து உலாவ விரும்பிய இளைஞர் அக்குன்றின்மேல் கால்வைத்தல் குற்றமாயிற்று. 1932 ஏப்ரல் 24ஆம் நாள் அவர்களுட் சில நூற்றுவர் கூடித் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். நீரூற்றைக் கண்டு களிக்க வந்தவர் விருந்தினராகவும், மலையேற வந்தவர் குற்றவாளியாகவும் கருதப்பெற்ற இவ்வேறுபாட்டை ஆராய்வோர் விட்டுவிடலாகாது. ஒருவர் வந்தது அருளால். மற்றவர் கேட்டது உரிமை. 1949இல் நாட்டுப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1951இல் முதற் பூங்காவாக அமைந்த பீக் மாவட்டத்துள் சாட்ஸ்வொர்த்தும் கிண்டரும் ஒருங்கே அடங்கின. 2002இல், நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு நினைவின்போது, பதினோராம் கோமகன் தம் பாட்டனார் காலத்துச் செயலுக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

இவ்விரு நெறிகளும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பினுள் வந்து கலந்தன. 1895இல் அதனைத் தோற்றுவித்த மூவருள் ஆக்டேவியா ஹில் அம்மையார் இலண்டன் ஏழையர்க்கு வீட்டு வசதி தேடி உழைத்தவர். வெட்டவெளியும் காற்றும் ஏழையர்க்கும் வேண்டும் என்பதே அவர் கொள்கை. பெருமனைகள் தொடக்கத்தில் அதன் முதன்மை நோக்கமல்ல. 1896இல் அது விலைக்கு வாங்கிய முதற் கட்டடம் ஆல்ஃபிரிஸ்டனில் உள்ள பழைய பாதிரியார் இல்லம். விலை 10 பவுன். பின்னர்ச் சாவு வரி பெருமனைகளை அவ்வமைப்பின்பால் தள்ளியது. 1894இல் நூற்றுக்கு 8 என்றிருந்த மேல்வரம்பு 1919இல் 40ஆகவும், இரண்டாம் உலகப்போருக்குப் பின் 80ஆகவும் ஏறிற்று. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு மனையை அறநிறுவனத்திற்கு ஈந்து, அதிலேயே தொடர்ந்து வாழும் ஏற்பாடு பிறந்தது. குறித்த நாட்களில் மக்களை உள்ளே விடல் அதற்கு விலை. 1950இல் பத்தாம் டெவன்ஷயர்க் கோமகன் இறந்தபோது விழுந்த வரிக்கு ஈடாகக் குடும்பத்தின் மற்றொரு மனையான ஹார்ட்விக் அரசிடம் சேர்ந்து, 1959இல் அவ்வமைப்பின் கைக்கு வந்தது. இடிக்கப்பட்டொழிந்த மனைகளோ பற்பல. அவற்றிற்கு 1974இல் இலண்டனில் ஒரு கண்காட்சியே நடந்தது.

அறநிறுவனத்தை நாடாத தலைவர் சிலர் வாயிலிற் சீட்டு விற்கத் தலைப்பட்டனர். 1949இல் பாத் பிரபு லாங்லீட் மனையை இரண்டரை ஷில்லிங் கட்டணத்திற்குத் திறந்தார். 1952இல் மாண்டேகு பிரபு பியூலி மனையில் பழைய உந்துவண்டிகளைக் காட்சிக்கு வைத்தார். 1966இல் லாங்லீட் தோட்டத்தில் சிங்கங்கள் உலாவின. குடும்பத்தோடு வண்டியில் அமர்ந்தபடியே அவற்றைக் கண்டு வரலாம். கற்றோர் இதனை இழிவென எள்ளினர். அவ்வெள்ளலை நான் ஏற்பதற்கில்லை. சாட்ஸ்வொர்த் நீரூற்றும் வியப்பூட்டுதற்கெனவே அமைந்தது. ஒன்றைக் கலையென்றும் மற்றதைக் கூத்தென்றும் பிரிப்பது காண வந்தவரின் உடையை நோக்கிச் செய்யும் பிரிவாகவே தோன்றுகிறது.

எள்ளத்தக்க குறை வேறொன்றுளது. தூண் எந்நாட்டுப் பாணி, ஓவியம் யார் வரைந்தது என்பவற்றையெல்லாம் நுணுகிக் கூறிய வழிகாட்டி நூல்கள், மனை எழுப்பிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதை நெடுங்காலம் பெரும்பாலும் கூறவில்லை. 2020இல் நேஷனல் டிரஸ்ட் வெளியிட்ட அறிக்கை, தன் பொறுப்பிலுள்ள இடங்களுள் 93க்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வாணிகத்தோடும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. ஓய்வுநாளைக் கெடுக்கின்றனர் எனச் சிலர் சினந்தனர். அச்சினமே அறிக்கையின் தேவைக்குச் சான்று.

அவ்வறிக்கைக்குப் புறத்தே, நம்மை நேரே தொடும் இடமொன்று டெவன்ஷயரில் எக்ஸிடர் நகருக்கு அண்மையில் உளது. சென்னையில் கிறித்தவக் குருவாக வந்து, 1763 முதல் 1767 வரை ஆளுநராயிருந்த ராபர்ட் பாக், ஈட்டிய பெரும்பொருளோடு ஊர் திரும்பி ஹால்டன் மனையை வாங்கினார். தம் நண்பரும் கருநாடகப் போர்களில் கும்பெனிப் படையை நடத்தியவருமான ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸின் நினைவாக 1788இல் குன்றின்மேல் மூன்று மூலையும் மூன்று சிறுகொத்தளமும் கொண்ட கோபுரம் ஒன்றை எழுப்பினார். அதனுள் லாரன்ஸ் உரோமானிய உடையில், ஆள் உயரத்தினும் பெரிய சிலையாய் நிற்கிறார். ஹால்டன் மனை 1920களில் இடிக்கப்பட்டது, கோபுரம் எஞ்சியது. மேலே ஏறுவோர்க்கு ஒருபுறம் டார்ட்மூர் மேட்டுநிலமும் மறுபுறம் எக்ஸ் ஆற்றின் கழிமுகமும் தெரியும். தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் இடைப்பட்ட நீரிணை தாங்கியிருப்பது இந்த ராபர்ட் பாக்கின் பெயரே. அவர் ஆளுநராயிருந்த ஆண்டுகளின் சென்னைக் கோட்டை ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கோபுரத்தின் கணக்கை அங்கிருந்து தொடங்கி எழுத முன்வரும் மாணவர்க்கு அவை காத்திருக்கின்றன.