கர்நாடகப் பள்ளிகளில் முட்டை: உரிமைக் குரல் அரசுத் திட்டமான வரலாறு

பெங்களூரு: கர்நாடகாவில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை பயிலும் சுமார் 55 லட்சம் மாணவர்களுக்கு, மதிய உணவுடன் வாரத்தில் 6 நாள்களும் முட்டை வழங்கும் திட்டம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி யாத்கிரில் தொடங்கப்பட்டது. இதில் 2 நாள்களுக்கான செலவை மாநில அரசும், 4 நாள்களுக்கான செலவைப் பெங்களூருவைச் சேர்ந்த அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் ஏற்கின்றன. அறக்கட்டளை 3 ஆண்டுகளுக்குச் சுமார் ரூ.1,500 கோடி வழங்க ஒப்புக்கொண்டது.

சட்டப் பின்னணி

மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடர்ந்த பொதுநல வழக்கில், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்டப்பூர்வ உரிமையாக்கியது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு நாளொன்றுக்கு 12 கிராம் புரதம் தரப்பட வேண்டும் என்பது விதி. ஒரு முட்டையில் மட்டும் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது.

எதிர்ப்பும் ஆதரவும்

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), கர்நாடகாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.4 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 65.5 சதவீதத்தினர் ரத்தசோகையுடனும் உள்ளனர். இந்நிலையில், பள்ளி உணவில் முட்டை சேர்க்க வேண்டும் என்று 'ஆஹார நம்ம ஹக்கு' (உணவு நமது உரிமை) உள்ளிட்ட அமைப்புகளும் பொது சுகாதார மருத்துவர்களும் வலியுறுத்தி வந்தனர்.

2021 டிசம்பரில் யாத்கிர், கலபுர்கி, ராய்ச்சூர் உள்ளிட்ட 7 மாவட்டங்களில் முட்டை வழங்கும் பணி தொடங்கியது. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம் அளிக்கப்பட்டது. எனினும், மடாதிபதிகள் சிலர் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். அப்போது கொப்பல் மாவட்டம் கங்காவதியில் மாணவிகள் தங்களுக்கு முட்டை வேண்டும் என்று உறுதியாகப் பேசிய காணொலி பரவலாகப் பகிரப்பட்டது.

ஆய்வு தந்த சான்று

முட்டை வழங்கப்பட்ட யாத்கிர் மாணவர்களையும், வழங்கப்படாத கதக் மாவட்ட மாணவர்களையும் ஒப்பிட்டு ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. யாத்கிர் மாணவர்களின் எடை கூடுதலாக உயர்ந்தது அதில் தெரியவந்தது. இதனைத் தொடர்ந்து 2022-23 கல்வியாண்டில் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. 2023-இல் அமைந்த சித்தராமையா அரசு, வாரத்திற்கு 2 முட்டைகள் என உயர்த்தியதுடன் 9, 10-ஆம் வகுப்புகளையும் சேர்த்தது.

நீடிக்கும் கேள்விகள்

முட்டை வாங்குவது, வேகவைப்பது, உரிப்பது ஆகிய அனைத்திற்கும் சேர்த்து முட்டை ஒன்றுக்கு 6 ரூபாய் ஒதுக்கப்பட்டது. சந்தை விலை உயரும்போது இத்தொகை போதவில்லை என்றும், பற்றாக்குறையைத் தாங்களே ஈடுசெய்ய நேரிடுவதாகவும் ஆசிரியர்கள் தெரிவித்தனர்.

அறக்கட்டளையின் ஒப்பந்தக் காலம் 3 ஆண்டுகள் மட்டுமே என்பதால், அதன் பின்னர் எஞ்சிய 4 நாள்களுக்கான செலவை யார் ஏற்பது என்பது முக்கியக் கேள்வியாகும். நன்கொடை நிறுத்தப்படக்கூடியது, அரசின் நிதிநிலை அறிக்கையில் இடம்பெறும் ஒதுக்கீட்டையே மக்கள் உரிமையாகக் கேட்க முடியும். அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை எனத் தொடங்கிய திட்டம், 2010 முதல் வாரத்திற்கு 5 முட்டைகளாக உயர்ந்து, அரசு நிதியிலேயே தொடர்ந்து வருவது குறிப்பிடத்தக்கது.