ஜபல்பூரில் பிறந்த ஆட்டமும் ஒரு பழைய மேசையும்

ஜபல்பூர் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன நருமதை ஆறும், பேடாகாட்டின் வெண்சலவைக்கற் பாறைகளும், நம்முள் பல குடும்பங்களை இவ்வூருக்கு அழைத்து வந்த படைக்கலத் தொழிற்சாலைகளுமே ஆகும். உலகெங்கும் ஆடப்படும் 'ஸ்னூக்கர்' என்னும் மேசையாட்டம் இவ்வூர்ப் படைமுகாமில் பிறந்தது என்பதை நம் காலனியில் அறிந்தோர் சிலரே. நாமும் அறிந்திருந்தோமில்லை, பழைய மேசையொன்று வீடு வந்து சேர்ந்த பின்னரே அறிந்தோம்.

மூடப்பட்ட மன்றமொன்றின் தட்டுமுட்டுப் பொருள்களை ஏலத்தில் எடுத்த மரவணிகர் ஒருவர், எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள பூல் மேசையொன்றைப் பிரித்துத் தேக்கை மட்டும் விற்க முனைந்திருந்தார். கல்லை உடைத்துக் கொல்லையில் பரப்பலாம் என்பது அவர் எண்ணம். தேக்கின் விலையையே கொடுத்து மேசையை முழுதாக வாங்கினோம். முன்கூடத்து ஊஞ்சல் கழற்றப்பட்டது. வீட்டார் மகிழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை.

'பூல்' என்பது ஆடுவோர் அனைவரும் போட்டுச் சேர்த்த பந்தயத் தொகையைக் குறிக்கும் சொல். 1875ஆம் ஆண்டு மழைக்காலத்தில், வெளியே செல்ல இயலாது ஜபல்பூர் உணவுக்கூடத்தில் அடைபட்டிருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் இத்தகைய பூல் ஆட்டங்களிலேயே பொழுது போக்கினர். அவர்களுள் ஒருவர் நெவில் சேம்பர்லேன். (பிற்காலத்தில் ஹிட்லரோடு உடன்பாடு செய்த பிரிட்டிஷ் பிரதமர் வேறு, பெயரொற்றுமையால் பலரும் மயங்குவர்.) பதினைந்து சிவப்புப் பந்துகளோடும் கறுப்புப் பந்தோடும் வேறு சில நிறப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்க்கலாம் என்றார் அவர். உல்விச் படைக்கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பது வழக்கம். எளிய பந்தொன்றைத் தவறவிட்ட தோழரைச் சேம்பர்லேன் அவ்வாறு அழைத்துவிட்டு, பின் அவர் மனம் நோகாதிருக்க, இவ்வாட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாமே என்றாராம். பெயர் நிலைத்துவிட்டது.

ஆட்டத்திற்கு எழுத்து வடிவில் விதி அமைந்தது நமக்கு இன்னும் நெருங்கிய இடத்தில். ஆப்கானியப் போரில் காயமுற்ற சேம்பர்லேன், பின்னர்ச் சென்னைப் படைத் தலைவரிடம் பணியேற்று, கோடைதோறும் உதகமண்டலத்தில் தங்கினார். அங்குள்ள ஊட்டி மன்றத்தில், 1880களின் தொடக்கத்தில் விதிகள் வகுக்கப்பட்டுச் சுவரில் தொங்கவிடப்பட்டன. இத்தோற்றத்தை ஐயுற்றோர்க்கு விடையாக, 1938இல் முதுமையில் அவரே ஓர் ஆங்கில இதழுக்குக் கடிதம் எழுதினார். நருமதைக் கரையில் பிறந்து நீலகிரியில் வளர்ந்த பிள்ளை என்று இவ்வாட்டத்தைச் சொன்னால் மிகையாகாது.

இனி மேசைக்கு வருவோம். கிழிந்த பச்சைக் கம்பளித் துணியை அகற்றியதும் மூன்று சிலேட்டுக் கற்கள் வெளிப்பட்டன. பழங்காலத்தில் ஆடுதளம் மரமாகவே இருந்தது. மரம் மழைக்கு உப்பி வெயிலுக்கு வளையும். இங்கிலாந்தில் தர்ஸ்டன் என்பார் 1820களில் கல்தளத்தைப் புகுத்தினார். ஓர விளிம்புகளில் பின்னர் வந்த ரப்பரோ குளிரில் இறுகியது. வெந்நீர்த் தட்டங்களை வைத்துச் சூடேற்றி ஆடினராம்! கந்தகம் கலந்து ரப்பரைப் பக்குவப்படுத்தும் முறைக்கு 1844இல் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்ற பின்னரே அத்தொல்லை நீங்கிற்று. நம் மேசையின் ரப்பர், விரல் பட்டவுடன் உதிர்ந்தது. அதையும் துணியையும் புதிதாக வாங்கியே தீரவேண்டும் என்பதில் ஐயமில்லை. கல்லையும் தேக்கையும் மாற்றுவதில்லை என்று உறுதிகொண்டோம்.

கற்களைச் சமன் செய்வதுதான் பெரும்பாடு. நம் தச்சர் ரசமட்டம் வைத்து இரு நாள் முயன்றும் பந்து ஒரு மூலைக்கே உருண்டது. இறுதியில், மன்றமொன்றில் மார்க்கராக இருந்தவரின் மகன், எழுபது கடந்த முதியவர், அழைத்துவரப்பட்டார். மார்க்கர் என்பார் வெறும் புள்ளி குறிப்பவரல்லர். துணியைத் துடைப்பவரும், இழை சாயும் திசையிலேயே தேய்ப்புப்பெட்டி போடுபவரும், கோல் முனைக்குத் தோல் ஒட்டுபவரும், புதிதாக வந்த துரைக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றதை நாடு கொண்டாடியது, தகும். சேம்பர்லேனின் பெயரும் ஏட்டில் நின்றது. அந்த 1875ஆம் ஆண்டு மழையில் ஈரம் ஏறிய துணியை உலர்த்தி மேசையை ஆடத்தக்கதாக வைத்திருந்தவர் யாவர்? அவர் பெயரை நாம் எங்கும் கண்டோமில்லை.

முதியவரை நாம் 'சாச்சா' என்றே அழைத்தோம். அவர் கற்களை மெல்லத் தூக்கச் சொன்னார். சட்டத்திற்கும் கல்லுக்கும் இடையே, தச்சர் குப்பையென்று எண்ணித் தனியே வைத்திருந்த சீட்டுக்கட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கினார். ஒரு சீட்டின் கனம் எவ்வளவு என்பது விரலுக்குத் தெரியும், மட்டப்பலகைக்குத் தெரியாது என்று இந்தியில் கூறி, இங்கொன்றும் அங்கிரண்டுமாகச் செருகினார். கல் இணைப்புகளில் தேன்மெழுகை உருக்கி வார்த்துச் சுரண்டி மழித்தார். மாலையில் பந்தை உருட்டினோம். விலகாது நேரே சென்று, விளிம்பில் மோதி, வந்த வழியே திரும்பியது.

புதிய மரச்சக்கைகள் வைக்கலாமே என்று நாம் கேட்டதற்குச் சாச்சா இசையவில்லை. அவை தம் தந்தையார் காலத்து வழக்கம் என்றார். துணியை இழுத்து ஆணியடிக்குமுன் அவருடைய தந்தையாரின் பெயரை ஒரு தாளில் இந்தியிலும் தமிழிலும் எழுதி, நாளும் குறித்து, கல்லுக்கடியில் வைத்தோம். வாயிற்பக்கத்துக் காலின் மேல், இஸ்பேட் ஏழுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.