நூறு மணி நேரம் ஓடிய எஞ்சின்

ஒரு எஞ்சின் சோதனையில் தேறிவிட்டது என்றால் என்ன அர்த்தம்? அந்த ஒரு எஞ்சின் தேறிவிட்டது, அவ்வளவுதான். அதே அச்சில் வரும் அடுத்த ஆயிரத்துக்கு அது ஜாமீன் ஆகாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இதை உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

சாதாரண எஞ்சினில் வால்வுகள் ஓயாமல் திறந்து மூடும். ஸ்பிரிங் உடையும், புகை போகும் வால்வு சூட்டில் தீயும். இதற்கு மாற்றாக வந்ததுதான் ஸ்லீவ் வால்வு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு மெல்லிய எஃகுக் குழாய். கொஞ்சம் ஏறும், இறங்கும், லேசாகத் திரும்பும். அதிலுள்ள துளைகள் சிலிண்டரின் துளைகளோடு சேரும்போது காற்று உள்ளே வரும், புகை வெளியே போகும். கேட்க எளிமைதான். ஆனா அந்தக் குழாய் துளி வட்டம் பிசகினாலும் போச்சு. எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகமும் உலோகமும் உரசி, சிலிண்டரே இறுகிவிடும்.

நேப்பியர் நிறுவனத்தின் சேபர் எஞ்சினில் இப்படி 24 சிலிண்டர்கள். 1940 ஜூனில் அரசின் 100 மணி நேரச் சோதனையில் அது தேறியது. சக்தி 2,200 குதிரைத்திறன். கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனா முன்மாதிரி எஞ்சின்களைத் தேர்ந்த கைகள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பூட்டியிருந்தன. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்ய ஆரம்பித்ததும் ஸ்லீவ்கள் வரிசையாகக் கெட்டன. டைஃபூன் போர்விமானங்கள் இந்த எஞ்சினோடுதான் பறந்தன.

1942 செப்டம்பர் 12. மார்ட்டின்-பேக்கர் எம்.பி.3 என்ற சோதனை விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அதன் சேபர் எஞ்சின் நின்றது. அவசரமாகத் தரையிறக்க முயன்ற வேலன்டைன் பேக்கர் இறந்துபோனார். நிறுவனத்தின் பெயரில் பாதி அவருடையது. மீதிப் பாதியான ஜேம்ஸ் மார்ட்டின், அதன்பின் விமானியின் உயிரைக் காப்பதையே தன் வேலையாக்கிக்கொண்டார். விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளுக்கு இன்றும் அந்த நிறுவனம்தான் பேர்போனது.

தீர்வு போட்டி நிறுவனமான பிரிஸ்டலிடம் இருந்தது. ராய் ஃபெடனின் குழு பல வருஷம் எஃகை மாற்றி மாற்றி, தேய்த்துப் பார்த்து, கடைசியில் நைட்ரைடிங் முறையில் மேற்பரப்பைக் கடினமாக்கிய ஸ்லீவுக்கு வந்து சேர்ந்திருந்தது. எந்த ஸ்லீவும் எந்தச் சிலிண்டருக்கும் பொருந்த வேண்டும் என்பதே அவர்களின் பெரிய போராட்டம். பிரிஸ்டலின் டாரஸ் எஞ்சினுக்கும் சேபருக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 127 மில்லிமீட்டர். டாரஸ் ஸ்லீவைக் கடைந்து சேபரில் போட்டார்கள். தாங்கியது.

நேப்பியர் சோதித்தது ஒரு எஞ்சினை. பிரிஸ்டல் வருஷக்கணக்கில் சோதித்தது, அதைத் திரும்பத் திரும்ப அப்படியே செய்ய முடியுமா என்பதை. விமானி நம்பி ஏறுவது இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான்.