கரையோரக் காய்ச்சலும் கல்லீரலும்

1918ஆம் ஆண்டில் இன்புளுவென்சாக் காய்ச்சல் கொழும்பு, தலைமன்னார் ஆகிய இரு துறைகளின் வழியே இலங்கைக்குள் புகுந்தது. அவற்றுக்கு இடைப்பட்ட கரையே சிலாபமும் புத்தளமும் கற்பிட்டியும். அங்கே மலேரியா பழங்குடி. மண்ணீரலும் ஈரலும் வீங்கிய உடல்கள் புதுமையல்ல. அக்கொள்ளைநோயால் நாட்டுக்கு நேர்ந்த மக்கள்தொகை இழப்பு 3 இலட்சத்துக்கு மேல் எனப் பிற்கால ஆய்வு கணக்கிட்டது.

நெஞ்சைப் பற்றும் நோய்க்கும் வயிற்றிலுள்ள ஈரலுக்கும் என்ன உறவு? குடலிலிருந்து இரத்தத்தோடு வரும் கிருமிகளை வடிப்பது ஈரல். நோயை எதிர்க்கும் புரதங்கள் பலவும் அங்கேயே உண்டாகின்றன. ஈரல் இறுகிச் சுருங்கினால் அக்காவல் தளரும். வயிற்றில் நீர் கோத்து, நுரையீரல் விரிய இடமின்றிப் போகும்.

இவ்வுறவுக்குத் திட்டமான எண் கிடைக்க ஒரு நூற்றாண்டு சென்றது. 2020ஆம் ஆண்டில், கொவிட் தொற்றிய ஈரல் நோயாளர் 745 பேரின் விவரம் 29 நாடுகளிலிருந்து திரட்டப்பட்டது. ஈரல் இறுகியோருள் நூற்றுக்கு 32 பேர் மாண்டனர். ஏனையோருள் 8 பேர். அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைக் கொண்டது ஈரலன்று, மூச்சுத் தடையே.

மலேரியா இலங்கையை விட்டு நீங்கியதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஈரலைக் கெடுப்பவை இன்று மதுவும் கொழுப்பும். மதுவைப் பற்றித் தென்னந்தோப்புக் கரைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரல் நோயாளர்க்கு ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசி வேண்டும் என்பர் மருத்துவர்.