டீசல் பொறியின் கடினத் தொடக்கமும் மிகைப் புகையும்

டீசல் பொறியின் கடினத் தொடக்கம் என்பது, ஸ்டார்ட்டர் மோட்டார் பொறியைச் சுழற்றிக்கொண்டிருந்தும் அது உடனே இயங்கத் தொடங்காமல் நெடுநேரம் எடுத்துக்கொள்வதாகும். மிகைப் புகை என்பது, புகைக் குழாயிலிருந்து வெள்ளை, கருப்பு அல்லது நீல நிறப் புகை கண்ணுக்குத் தெரியும் அளவில் தொடர்ந்து வெளிவருவதாகும். பிக்கப் வகைச் சரக்குந்துகளில் இவ்விரு குறைகளும் பல வேளைகளில் ஒன்றாகவே தோன்றுகின்றன. புகையின் நிறத்தையும் அது தோன்றும் நேரத்தையும் கவனித்தால், எந்த உதிரிப்பாகத்தையும் கழற்றும் முன்பே கோளாறு இருக்கும் இடத்தைப் பெருமளவு கணிக்கலாம்.

தொடங்குவதற்குத் தேவையானவை

பெட்ரோல் பொறியில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி பயன்படுகிறது. டீசல் பொறியில் அவ்வாறு இல்லை. உருளைக்குள் காற்று ஏறத்தாழ 15 முதல் 22 மடங்கு வரை அமுக்கப்படுவதால் அதன் வெப்பநிலை 500 °செ-ஐத் தாண்டுகிறது. அச்சூடான காற்றில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது. பொறி குளிர்ந்திருக்கும்போது உருளைச் சுவர்கள் இவ்வெப்பத்தின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. எனவே பொறி தொடங்குவதற்குப் பின்வரும் நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

* சுழற்சி வேகம்: மெதுவாகச் சுழன்றால் அமுக்கப்படும் காற்று கசிந்தும் குளிர்ந்தும் போகும்.
* அமுக்கம்: உந்துதண்டு வளையங்களும் வால்வுகளும் காற்றைக் கசியவிடாமல் இருத்தல் வேண்டும்.
* தொடக்க வெப்பம்: பல பொறிகளில் குளோ பிளக் எனப்படும் மின் சூடேற்றி இதனைத் தருகிறது. கம்மின்ஸ் 5.9 லிட்டர் பொறி பொருத்தப்பட்ட டாட்ஜ் ராம் சரக்குந்துகளில், உள்ளிழுக்கும் காற்றையே சூடாக்கும் கம்பிவலை அமைப்பு இப்பணியைச் செய்கிறது.
* எரிபொருள்: உரிய நேரத்தில், உரிய அழுத்தத்தில், நுண்துளிகளாகத் தெளிக்கப்படுதல் வேண்டும்.

புகையின் நிறம் உணர்த்துவன

* வெள்ளைப் புகை: கண் எரிச்சலும் டீசல் நெடியும் இருந்தால் அது எரியாத எரிபொருளாகும். குளோ பிளக் பழுது, குறைந்த அமுக்கம், ஒழுகும் உட்செலுத்தி, தவறான தெளிப்பு நேரம் ஆகியன காரணங்களாகலாம். இனிப்பு வாடையுடன் ரேடியேட்டர் நீரின் அளவும் குறைந்துவந்தால், குளிர்விப்பு நீர் உருளைக்குள் கசிகிறது எனக் கொள்ளலாம். குளிர்ந்த காலையில் சில நொடிகள் தோன்றி மறையும் வெண்புகை இயல்பானதே.
* கருப்புப் புகை: எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. அடைபட்ட காற்று வடிகட்டி, டர்போவிலிருந்து வரும் குழாயில் வெடிப்பு, திறந்த நிலையில் சிக்கிய வெளியேற்றவளி மீள்சுழற்சி வால்வு ஆகியன பொதுவான காரணங்களாகும்.
* நீலப் புகை: உயவு எண்ணெய் எரிகிறது. தேய்ந்த உந்துதண்டு வளையங்கள், வால்வு அடைப்பான்கள், டர்போவின் அடைப்பான்கள் ஆகியன சோதிக்கப்பட வேண்டும்.

ஸ்டார்ட்டர் சுழலும்போது புகையே வராவிட்டால் அதுவும் ஒரு குறிப்பாகும். எரிபொருள் உருளையை அடையவில்லை என்பது அதன் பொருள். மாறாக, வெண்புகை வந்தும் பொறி தொடங்காவிட்டால், எரிபொருள் வருகிறது, ஆனால் எரிவதற்கான வெப்பம் போதவில்லை எனக் கருதலாம்.

சோதிக்கும் முறை

எளிய, செலவு குறைந்த சோதனைகளை முதலிலும், பொறியைப் பிரிக்க வேண்டிய சோதனைகளை இறுதியிலும் செய்வது முறையாகும்.

1. மின்கலம்: பல டீசல் பிக்கப்களில் இரண்டு 12 வோல்ட் மின்கலங்கள் இணையாக உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றதும் வலுவிழக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியே பிரித்துச் சோதிக்க வேண்டும்.
2. குளோ பிளக்: மின் இணைப்பை நீக்கி ஒவ்வொன்றின் மின்தடையையும் அளக்கலாம். நல்ல பிளக்கின் மின்தடை மிகக் குறைவாக, பெரும்பாலும் ஏறத்தாழ 1 ஓமாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் மின்னோட்டமே செல்லாது. அனைத்தும் நன்றாக இருந்தால், அவற்றுக்கு மின்சாரம் தரும் ரிலேயைப் பார்க்க வேண்டும்.
3. எரிபொருள் வழி: வடிகட்டியில் அடைப்பு, நீர் சேர்தல், உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தற்காலிகமாக ஒளிபுகும் குழாய் ஒன்றைப் பொருத்தினால் காற்றுக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடுவதும் உண்டு.
4. உட்செலுத்தி: எரிபொருள் தொட்டிக்குத் திரும்பும் டீசலின் அளவைக் கொண்டு உட்செலுத்திகளின் உட்கசிவை அறியலாம்.
5. அமுக்கம்: பல டீசல் பொறிகளில் இது 20 முதல் 30 பார் வரை இருக்கும். உருளைகளுக்கிடையே பெரும் வேறுபாடு இருப்பின் தேய்மானம் உறுதியாகும்.

குறை தோன்றும் நேரமும் உதவுகிறது. குளிரில் மட்டும் தொல்லை என்றால் குளோ பிளக்கையும், சூடான பின்னரும் தொல்லை என்றால் உட்செலுத்தியின் கசிவையும் ஐயுறலாம். இரவு முழுதும் நிறுத்திய பின் மட்டும் தொல்லை என்றால், காற்றுக் கசிவினால் டீசல் தொட்டிக்கே இறங்கிவிடுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: டூராமேக்ஸ் எல்பி7

ஜெனரல் மோட்டார்ஸ், இசுசு நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய 6.6 லிட்டர் டூராமேக்ஸ் எல்பி7 பொறி, 2001 முதல் 2004 வரையான செவ்ரோலெட் சில்வராடோ, ஜிஎம்சி சியரா கனரகப் பிக்கப்களில் பொருத்தப்பட்டது. இதில் உயரழுத்தப் பொதுக் குழாய் வழியாக எட்டு உட்செலுத்திகளுக்கு எரிபொருள் செல்கிறது. குழாயில் குறிப்பிட்ட அளவு அழுத்தம் சேராதவரை பொறி தொடங்காது.

இப்பொறியில் உட்செலுத்திகள் தேய்ந்து கசிவது பரவலாக அறியப்பட்ட குறையாகும். கசிவினால் குழாயில் அழுத்தம் சேராமல் தொடக்கம் கடினமாகும். நின்றபடி இயங்கும்போது வெண்புகை வரும். உட்செலுத்திகள் வால்வு மூடிகளுக்கு அடியில் அமைந்திருப்பதால் கசியும் டீசல் உயவு எண்ணெயில் கலக்கிறது. எண்ணெயின் மட்டம் உயர்ந்து அது நீர்த்துப்போனால் தாங்கிகள் தேய்ந்து பொறியே பாழாகலாம். இந்நிறுவனம் உட்செலுத்திகளுக்கான உத்தரவாதத்தை 7 ஆண்டுகள் அல்லது 2,00,000 மைல் என நீட்டித்தது. அடுத்து வந்த எல்எல்ஒய் பொறியில் உட்செலுத்திகள் மூடிக்கு வெளியே அமைக்கப்பட்டன.

ஆயினும் எல்பி7-இன் கடினத் தொடக்கம் அனைத்துக்கும் உட்செலுத்தியே காரணமன்று. இதில் தொட்டியருகே தனி மின்பம்ப் இல்லை. உயரழுத்தப் பம்பே டீசலை உறிஞ்சுகிறது. வடிகட்டித் தலையிலுள்ள ரப்பர் வளையம் பழுதானால் காற்று புகும். வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அழுத்திய பின் பொறி உடனே தொடங்கினால் கோளாறு பெரும்பாலும் இங்குதான் உள்ளது. இச்சோதனையைச் செய்யாமல் எட்டு உட்செலுத்திகளையும் மாற்றினால், பெருஞ்செலவுக்குப் பின்னும் குறை அப்படியே நீடிக்கக்கூடும்.

புகை தெரியாத வண்டிகள்

ஐக்கிய அமெரிக்காவில் 2007-இல் நடைமுறைக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகளையடுத்து, டீசல் பிக்கப்களில் துகள் வடிகட்டி பொருத்தப்பட்டது. இது கரும்புகையைப் பிடித்துவிடுவதால், பொறியில் கோளாறு இருந்தும் வெளியே தெரியாமல் போகலாம். வடிகட்டி அடிக்கடி அடைபடுவதும், உயவு எண்ணெய் மட்டம் உயர்வதும் இவ்வண்டிகளில் புகைக்கு ஈடான அறிகுறிகளாகும்.

பாதுகாப்பு

* பொதுக் குழாய்ப் பொறிகளில் அழுத்தம் 1,600 பார் அளவை எட்டும். இயங்கும் பொறியில் கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. டீசல் தோலைத் துளைத்து உட்புகுந்தால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனடி மருத்துவம் தேவை.
* குளோ பிளக் உள்ள பொறியில் ஈதர் தெளித்துத் தொடங்க முயன்றால், அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து உந்துதண்டுகளை உடைக்கலாம்.
* மூடிய கொட்டகைக்குள் பொறியை இயக்கிச் சோதித்தல் கூடாது. உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளுள் ஒன்றாக 2012-இல் வகைப்படுத்தியது.