ஜூலை மாசக் கவரும் மஞ்சள் மூட்டையும்

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன். நான் ஏஜெண்ட் கிடையாது, எந்த ஃபண்டையும் விக்கப் போறதில்லை. ஒரு தனியார் மில்லுல கணக்கு எழுதற ஆள். இது பரிந்துரைப் பதிவு இல்ல, கொசுவத்திப் பதிவு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க பரண்ல இருந்த அப்பாவோட தகரப் பெட்டியை இறக்கினேன். பத்திரம், ரேஷன் கார்டு, என்னோட அஞ்சாங் கிளாஸ் மார்க் ஷீட் எல்லாத்துக்கும் அடியில ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. ரப்பர் தொட்டதும் உதிர்ந்து போச்சு. உள்ள எல்லாம் யூனிட் டிரஸ்டோட டிவிடெண்ட் வாரண்ட் அடிக்கட்டைங்க. வருஷத்துக்கு ஒண்ணு, தேதி வாரியா அடுக்கி வெச்சிருக்கார். வாத்தியார் புத்தி!

இன்னிக்கு சேலத்துல இருந்து ஏற்காடு ரோட்டுல கோரிமேடு தாண்டி வந்தா கொண்டப்பநாயக்கன்பட்டி டவுனோட டவுனா ஒட்டிக் கிடக்கு. எங்க சின்ன வயசுல இது கிராமம். சேமிப்புன்னா நகை, சீட்டு, போஸ்ட் ஆபீஸ், கையில கொஞ்சம் மிஞ்சினா நிலம். "ஷேர்"ங்கற வார்த்தை சூதாட்டத்துக்கு ஒண்ணு விட்ட தம்பி. ஆனா அதே ஊர்ல வாத்தியாருங்க, பேங்க் கிளார்க்குங்க, ரிட்டயர் ஆன ரயில்வேக்காரங்க வீட்டுல யூஎஸ்-64 மட்டும் கூச்சமில்லாம உள்ள வந்து உக்காந்துச்சு. அது ஷேர் சந்தையில போடற பணம்னு நிறைய பேருக்குத் தெரியாதுங்கறதுதான் விஷயமே.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சரா இருந்தப்ப, 1963ல சட்டம் போட்டு ஆரம்பிச்சதுதான் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா. ரிசர்வ் பேங்க், எல்ஐசி, ஸ்டேட் பேங்க் எல்லாம் சேர்ந்து போட்ட முதல் மூலதனம் 5 கோடி. 1964 ஜூலையில யூனிட் ஸ்கீம் 64 வந்துச்சு. பத்து ரூபா முகமதிப்பு. அதுக்கப்புறம் 1987 வரைக்கும் இந்தியாவுல வேற மியூச்சுவல் ஃபண்டே கிடையாது.

அந்த ஸ்கீம்ல ஒரு வினோதம். யூனிட்டோட விலைக்கும், உள்ள இருக்கற சொத்தோட மதிப்புக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. விலையை டிரஸ்டே நிர்ணயிக்கும். ஜூலையில மலிவா விப்பாங்க, அப்புறம் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. ஜூன்ல கணக்கு முடிச்சு டிவிடெண்ட். சந்தை ஏறினா மிச்சத்தை கையிருப்புல போட்டு, இறங்கினா அதுல இருந்து எடுத்து சமாளிக்கறது. அப்பாவுக்கு ஜூலை ஆச்சுன்னா தபால்காரர் மேல ஒரு தனிப் பாசம் வரும். 90கள்ல 26 சதவீதம் வரைக்கும் டிவிடெண்ட் கொடுத்தாங்க. பிராவிடண்ட் ஃபண்டே 12 சதவீதம் கொடுத்துக்கிட்டிருந்த காலம் அது. யாருக்கு கசக்கும்?

ஹர்ஷத் மேத்தா காலத்துல அப்பாவோட ஃபிரெண்டு ஒருத்தர் நேரடியா ஷேர் வாங்கி தினமும் பேப்பரைப் பிரிச்சு மூஞ்சி வெளிறிப் போவார். அப்பா பாட்டுக்கு தேங்கா உரிச்சுக்கிட்டு இருப்பார். ரெண்டு பேர் பணமும் ஒரே சந்தையிலதான். ஒருத்தருக்கு விலை தெரிஞ்சுது, இன்னொருத்தருக்குத் தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்.

தெரியாம இருக்கறதுக்கும் ஒரு நாள் பில் வரும்ல? 1998ல யூஎஸ்-64ஓட கையிருப்பு மைனஸ்ல போயிடுச்சுன்னு வெளிய வந்துச்சு. தீபக் பாரிக் தலைமையில கமிட்டி போட்டாங்க. மூணு வருஷத்துல என்ஏவி விலைக்கு, அதாவது உள்ள இருக்கற சொத்தோட நிஜ மதிப்புக்கு மாறணும்னு 1999ல அது சொல்லிச்சு. மாறறதுக்குள்ள கேத்தன் பாரிக் ஷேருங்க சரிஞ்சுது. 2001 ஏப்ரல், மே ரெண்டே மாசத்துல நாலாயிரம் கோடிக்கும் மேல யூனிட்டுங்களைத் திருப்பிக் கொடுத்து பணத்தை எடுத்துட்டாங்க. அதுல பெரும்பகுதி கம்பெனிங்க பணம். நிஜ மதிப்பைவிட விலை கூட இருக்குன்னு தெரிஞ்சவங்க கூட இருக்கும்போதே வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஜூலை முதல் வாரம் அறிவிப்பு: ஆறு மாசத்துக்கு விற்பனையும் கிடையாது, திரும்ப வாங்கறதும் கிடையாது. சுமார் 2 கோடி பேர் அதுல இருந்தாங்க.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா செய்தி கேட்டுட்டு ரேடியோவை அணைச்சார். ஒண்ணும் பேசல. அப்புறம் அரசாங்கம் தலையிட்டுது. 5000 யூனிட் வரைக்கும் யூனிட்டுக்கு 12 ரூபா, அதுக்கு மேல 10 ரூபான்னு உத்தரவாதம். 2003ல டிரஸ்டையே ரெண்டா உடைச்சு, வேணுங்கறவங்களுக்கு 6.75 சதவீத வரியில்லாப் பத்திரம் கொடுத்தாங்க. அப்பா பத்திரம் வாங்கினார். 2008ல முதல் திரும்ப வந்துச்சு. "சர்க்கார் கைவிடல பாத்தியா"ன்னார். நானும் தலையாட்டினேன். எங்க மாதிரி சின்ன ஆளுங்களைக் கைவிடலதான். அந்த 12 ரூபாய்க்கும் நிஜ மதிப்புக்கும் நடுவுல இருந்த பள்ளத்தை வரி கட்டின ஜனங்க ரொப்பினாங்கங்கறதை அவர்கிட்ட சொல்ல மனசு வரல.

இதுக்கு நடுவுல தனியார் ஃபண்டுங்க வந்தாச்சு. முதல்ல வந்தது நம்ம சென்னையில இருந்த கோத்தாரி பயனீர், 1993. அடுத்த வருஷம் ஜனவரியில மார்கன் ஸ்டான்லி ஃபண்டு. ஜனங்க ஃபாரத்துக்கே வரிசையில நின்னாங்க. பதினஞ்சு வருஷம் மூடின திட்டம். பத்து ரூபா யூனிட் சந்தையில பத்துக்குக் கீழயே பல வருஷம் கிடந்துச்சு. 1996ல டெம்பிள்டன் வந்து இந்தியா குரோத் ஃபண்டு ஆரம்பிச்சாங்க. மலிவு பாத்து வாங்கற பாணி, "வேல்யூ"ங்கறது, நம்ம ஊர் சில்லறை ஆளுங்களுக்கு அறிமுகமானது அங்க இருந்துதான்னு சொல்லலாம்.

இந்த வேல்யூ சமாச்சாரம் அமெரிக்காவுல பெஞ்சமின் கிரகாம் 1934லயே புத்தகமாப் போட்டது. ஆனா சேலத்துக்காரனுக்கு கிரகாம் எதுக்குங்க? லீ பஜார்ல போய் நின்னா போதும். மஞ்சள் விலை படுத்துருச்சுன்னா கையில காசிருக்கறவர் வாங்கி அடுக்கிடுவார். வருஷக்கணக்கா மூட்டை கிடக்கும். வெல்லத்துல பணம் போட்டவன், பருத்தியில போட்டவன் எல்லாம் சம்பாதிச்சு இவரைப் பாத்து சிரிப்பான். விலை திரும்பும்போது இவர் சிரிப்பார். சில சமயம் வண்டு விழுந்து மூட்டையே போயிடும், அது வேற கதை. வேல்யூ ஃபண்டு இதே வேலைதான். யாருக்கும் வேணாம்னு கிடக்கற பேங்கு, மின்சாரம், அரசாங்கக் கம்பெனி ஷேருங்களை வாங்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது.

ஒரே ஒரு வித்தியாசம். மஞ்சள் வியாபாரி மூட்டையை தினமும் எடை போட்டுப் பாக்கறதில்ல. ஃபண்டுக்கோ தினமும் என்ஏவி போட்டே ஆகணும். யூஎஸ்-64 அடிச்ச அடியைப் பாத்தா அது சரியான விதிதான். ஆனா மூட்டையைக் கட்டிக்கிட்டு பொறுமையா உக்காரவேண்டிய ஆளை தினமும் தராசு முன்னாடி நிறுத்தி வெச்சா என்ன ஆகும்? என்னைக் கேளுங்க.

2004, 2005ல வேல்யூ பேர்ல புதுசு புதுசா ஃபண்டுங்க வந்துச்சு. 2005 ஆகஸ்டுல நானும் ஸ்டீல் பிளாண்ட் நண்பர் ஒருத்தரும் ஒரே நாள்ல, ஒரே ஏஜெண்ட் மூலமா, ஒரே ஃபண்டுல மாசம் ஆயிரம் எஸ்ஐபி போட்டோம். பேரு வேணாம். ரெண்டு பேரும் ஃபாரத்துல "ஓய்வுக்காலம்"னு எழுதினது நல்லா ஞாபகம் இருக்கு. ஆயிரத்துல இருவத்திரண்டரை ரூபா நுழைவுக் கட்டணமா போகும். அப்ப அதான் வழக்கம்.

2008 ஜனவரியில 21 ஆயிரத்துல இருந்த சென்செக்ஸ் அக்டோபர்ல 8 ஆயிரத்துக்குக் கீழ வந்துச்சு. நான்தான் கணக்குப் பிள்ளையாச்சே! தினமும் ராத்திரி எக்செல்ல என்ஏவி ஏத்துவேன். 39 தவணை, 39 ஆயிரம். கையில வந்தது 27 ஆயிரத்து சொச்சம். நானே சேலத்துல ஆபீஸ் தேடிப் போய் கையெழுத்துப் போட்டு நிறுத்தி, எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன். அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்ங்கறதையும் சொல்லணும்.

நண்பருக்கும் நிறுத்தற எண்ணம்தான். ஏஜெண்ட் ஃபாரம் கொண்டு வரேன்னிருக்கார். 2009 ஆகஸ்டுல செபி நுழைவுக் கட்டணத்தை ஒழிச்சதும் ஏஜெண்ட் இந்தப் பக்கமே வரல. ஃபாரம் வரல, ஈசிஎஸ் பாட்டுக்கு மாசாமாசம் ஆயிரம் போய்க்கிட்டே இருந்துச்சு. 2017 வாக்குல இருந்து மூணு வருஷம் வேல்யூ ஃபண்டுங்க படுத்தே கிடந்துச்சு. விரல்விட்டு எண்ணற பெரிய ஷேருங்கதான் சந்தையைத் தூக்கிட்டுப் போச்சு. விஷயம் தெரிஞ்சவங்களே பணத்தை வேற பக்கம் மாத்தினாங்க. 2013ல பராக் பாரிக் ஆரம்பிச்ச ஃபண்டு பேர்ல இருந்து "வேல்யூ"ங்கற வார்த்தையே பின்னாடி போயிடுச்சு. அதுக்கு முக்கியக் காரணம் 2017ல செபி போட்ட வகைப்பாட்டு விதி, ஆனாலும் அந்த நேரத்துக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு :-) 2020 மார்ச் 23, ஒரே நாள்ல சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்துச்சு. நண்பர் அன்னிக்கு முகக்கவசம் எங்க கிடைக்கும்னு எனக்கு போன் பண்ணினார். ஃபண்டு ஞாபகமே இல்ல.

2021 ஜூன்ல ரிட்டயர் ஆனார். பேப்பரையெல்லாம் தூக்கிக்கிட்டு எங்கிட்டதான் வந்தார். 191 தவணை, கட்டினது 1,91,000. கணக்குல இருந்தது ஏழு லட்சத்தை ஒட்டி. பிஎஃப் மாதிரி எட்டரை சதவீத வட்டின்னு வெச்சுப் போட்டுப் பாத்தேன், நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவா வந்துச்சு. இன்னொண்ணும் போட்டுப் பாத்தேன். அதே மனுஷன் பதினஞ்சு மாசம் முன்னாடி, அந்த மார்ச்ல ரிட்டயர் ஆகியிருந்தா கையில கிட்டத்தட்ட பாதிதான் இருந்திருக்கும், பிஎஃப் கணக்கைவிட பெருசா மேல இருந்திருக்காது. இதை அவர்கிட்ட சொன்னேன். "அப்ப பொறந்த தேதிதான் சாமி காப்பாத்திச்சு"ன்னு சிரிச்சார்.

அவர் மேல எனக்குப் பொறாமை இல்லன்னு சொன்னா நம்பாதீங்க. எங்கப்பாவுக்கு விலையை மறைச்சு வெச்சாங்க, அதனால உக்காந்திருந்தார். நண்பர் விலையைப் பாக்கவே இல்ல, அவரும் உக்காந்திருந்தார். நான் ஒருத்தன்தான் ஒழுங்கா எக்செல் போட்டேன்.

கிளம்பும்போது நண்பர் கேட்டார், "அந்த ஏஜெண்ட் நம்பர் வெச்சிருக்கியா? ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்." பழைய டைரியைத் தேடி எடுத்து அடிச்சோம். நம்பர் உபயோகத்தில் இல்லன்னு ரெண்டு பாஷையில சொல்லிச்சு.